இத்தாலியச் சமையல்: ஓர் ஒருமை பன்மை மயக்கம்

2025 டிசம்பர் 10ஆம் நாள் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் இத்தாலியச் சமையலைச் சேர்த்தது. அதே நாளில் தீபாவளியும் அப்பட்டியலில் ஏறியதால் நம்மவர் பலர் இத்தாலியைக் கவனித்திருக்க மாட்டார்கள். 2017இல் இதே அமைப்பு நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா சுடுவோரின் கலையைச் சேர்த்தபோது நாம் மகிழ்ந்தோம். அங்கே ஓர் ஊர் இருந்தது. ஓர் அடுப்பு இருந்தது. அதன்முன் வியர்வையோடு நிற்கும் மனிதர் இருந்தார். இம்முறை ஏறியிருப்பது ஒரு நாடு முழுமைக்குமான சமையல். விண்ணப்பத்தின் தலைப்பிலேயே பன்மைத்தன்மை குறித்த சொல் இருக்கிறதே என்று அன்பர்கள் எடுத்துக்காட்டலாம். இருக்கிறது. ஆனால் எழுவாய் ஒருமையில்தான் நிற்கிறது. நம் வழக்கு அந்த எழுவாயோடு.

தமிழ் வாத்தியாருக்கு இத்தாலிய அடுப்படியில் என்ன வேலை என்று கேட்போருக்கு ஒரு சொல். நாம் இத்தாலிக்குச் சென்றதில்லை. நாம் உண்ட ஒரே பொலெந்தா, நம் வீட்டில் மக்காச்சோள ரவையைக் கொண்டு நாமே கிண்டியது; அடிப்பிடித்தது. ஆகவே சுவை பற்றி நாம் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சொற்களைப் பற்றி மட்டும் பேசுவோம். இலக்கியமும் இலக்கணமும் கற்பித்துப் பிழைப்பவர்க்கு அந்த உரிமையாவது உண்டு.

இத்தாலி ஒரே அரசாக ஆனது 1861இல். அந்த ஆண்டில் நாட்டு மக்களுள் எத்தனை பேர் இத்தாலிய மொழி பேசினர்? மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோ 1963இல் வெளியிட்ட நூலில் தந்த கணக்கு, நூற்றுக்கு இரண்டரைப் பேர். பின்வந்தோர் இதைத் திருத்திப் பத்து வரை உயர்த்தினர். பத்தென்றே கொள்வோம். எஞ்சிய தொண்ணூறு பேரும் வெனெத்தோ, லொம்பார்து, நேப்பிள்ஸ், சிசிலி மொழிகளில் பேசினர், ஏசினர், தாலாட்டினர், சமைத்தனர். எழுத்து மொழியோ ஃபுளோரன்ஸின் பழைய இலக்கிய மொழி. அதைக் காக்க 1583இல் அந்நகரில் தோன்றிய கழகத்தின் பெயர் ‘க்ரூஸ்கா’. தவிடு என்று பொருள். மொழி என்னும் மாவைச் சலித்துத் தவிட்டை நீக்குவது தம் பணி என்று அப்பெரியோர் கருதினர். மாவு சலிக்கும் கருவியே அவர்களின் சின்னம். 1612இல் அவர்கள் வெளியிட்ட அகராதி, தாந்தே, பெத்ரார்கா, பொக்காச்சோ ஆகியோரின் சொல்வளத்தை அடித்தளமாகக் கொண்டது. மற்ற வட்டாரங்களின் அடுப்படிச் சொற்கள் பெரும்பாலும் சல்லடைக்கு வெளியே விழுந்தன. நாம் இன்று இத்தாலிய உணவின் சொற்கள் என்று கொண்டாடுபவற்றுள் பெரும்பகுதி அந்தத் தவிடுதான்.

கடலை மாவை நீரில் கரைத்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, அகன்ற தட்டில் ஊற்றிச் சூளையில் சுடுகிறார்கள். ஜெனோவாவில் இது ஃபரினாத்தா. கரையோரமாகத் தெற்கே இறங்கிப் பீசா போனால் செச்சீனா. அருகிலுள்ள லிவோர்னோவில் அதை ரொட்டிக்குள் வைத்துத் தந்தால் ‘ஐந்தும் ஐந்தும்’. ஐந்து காசுக்கு ரொட்டி, ஐந்து காசுக்குக் கடலையடை என்று கேட்டு வாங்கிய காலத்தின் எச்சம். கடல் கடந்து சார்தீனியாவின் சாஸ்ஸரியில் ஃபைனே. எல்லை தாண்டி நீஸ் நகரில் சோக்கா. தர்ப்பூசணிப் பழத்துக்கு வடக்கே அங்கூரியா, நடுப்பகுதியில் கொக்கோமெரோ, தெற்கே மெலோனே. ஒரே பொருளுக்கு ஊர்தோறும் வெவ்வேறு பெயர் என்பதாவது எளிது. ஒரே பெயர் ஊர்தோறும் வெவ்வேறு பொருளைக் குறிக்கும்போதுதான் பயணி விழிப்பார். நேப்பிள்ஸில் ‘ஜெனொவேசே’ என்று கேட்டால் வெங்காயமும் இறைச்சியும் பல மணி நேரம் வெந்து குழைந்த குழம்பு வரும். ஜெனோவாக்காரர்க்கு அது என்னவென்றே தெரியாது.

பால் வேற்றுமைச் சண்டையும் உண்டு. சோற்றை உருட்டி, உள்ளே இறைச்சிக் கூட்டு வைத்துப் பொரித்த உருண்டை சிசிலித் தீவில் பெயர்பெற்றது. மேற்கே பலெர்மோவில் அது ‘அராஞ்சீனா’, பெண்பால், உருண்டை வடிவம். கிழக்கே கத்தானியாவில் ‘அராஞ்சீனோ’, ஆண்பால், பெரும்பாலும் கூம்பு வடிவம். இரண்டுக்கும் பொருள் சிறிய ஆரஞ்சு. இந்தச் சண்டை முற்றி, 2016இல் மேற்சொன்ன தவிட்டுக் கழகமே தலையிட்டு இரண்டும் சரியென்று விளக்கம் எழுதிற்று. நானூறு ஆண்டுகளுக்குப் பிறகேனும் தவிட்டின் பக்கம் வந்தார்களே என்று நாம் உள்ளூர மகிழ்ந்தோம்.

ஒருமைக்கு வாதாடுவோர் இங்கே பெல்லெக்ரீனோ அர்தூசியை முன்னிறுத்துவர். ரொமாஞ்ஞா நாட்டுப்புறத்தில் பிறந்து ஃபுளோரன்ஸில் குடியேறிய வணிகரான அவர், 1891இல் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை வெளியிட்டார். முதற்பதிப்பில் 475 குறிப்புகள். பின்வந்த பதிப்புகளில் 790 வரை வளர்ந்தது. இத்தாலியரை ஒன்றிணைத்ததில் மன்த்ஸோனியின் புகழ்பெற்ற நாவலைவிட இந்நூலுக்கே பங்கு மிகுதி என்று 1970இல் அதைப் பதிப்பித்த பியேரோ கம்பொரேசி கருதினார். நாமும் அர்தூசியை மதிக்கிறோம். ஆனால் அந்நூலில் மலிந்திருப்பவை ரொமாஞ்ஞா, பொலோஞ்ஞா, தொஸ்கானா உணவுகள். தென்னாடு மிக மெலிந்தே தென்படும். கத்தரிக்காய்க் குறிப்பில் அவரே ஒன்று சொல்கிறார்: நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஃபுளோரன்ஸ் சந்தையில் கத்தரிக்காயைக் காண்பதே அரிதாம், யூதரின் உணவென்று அதை இழிவாக எண்ணினார்களாம். அர்தூசி அந்தக் காய்க்கு வழங்கிய தொஸ்கானாச் சொல் ‘பெதொஞ்சானோ’. இன்று அது வழக்கொழிந்து ‘மெலன்த்ஸானா’ வென்றுவிட்டது. ஒதுக்கப்பட்டோர் காய் ஒரு நாட்டின் பெருமையாக மாறுவதற்கு ஓர் ஆயுட்காலம் போதுமாயிருந்திருக்கிறது.

இனி நாம் சொல்ல வந்ததற்கு வருவோம். இந்த அடுப்படிச் சொற்களைக் கொண்டாடுவோர் அவற்றைப் படிப்பதில்லை என்பதே நம் முதன்மைக் குற்றச்சாட்டு. தொஸ்கானாவின் தென்கோடியிலுள்ள மரெம்மாவில் மாடு மேய்த்தோரும் கரி சுட்டோரும் உண்ட ஒரு சாறு உண்டு. காய்ந்த ரொட்டி, வெங்காயம், கையில் அகப்பட்ட கீரை. பெயர் ‘அக்வாகோத்தா’, வெந்த நீர். அந்த உணவில் நிச்சயமாக இருந்தது அது ஒன்றுதான் போலும். ‘ரிபொல்லீத்தா’ என்றால் மறுபடி கொதித்தது. முந்திய நாள் மிச்சம். இறைச்சியில்லாத குழம்புக்குத் தொஸ்கானாவில் ‘சூகோ ஃபிந்தோ’, பொய்க் குழம்பு. சிசிலியின் பிரபுக்கள் அத்திப்பழம் தின்று கொழுத்த ‘பெக்கஃபீகோ’ என்னும் சிறு பறவையைச் சமைத்து உண்டனர். அதை வாங்க வழியற்றோர் மத்தி மீனைப் பிளந்து, ரொட்டித்தூளை உள்ளே அடைத்து, வால் மேலே நிற்குமாறு சுருட்டி, அப்பறவையின் பெயரையே மீனுக்கு வைத்தனர். மத்தியும் கிடைக்காத நாளில் காட்டுப் பெருஞ்சீரகத் தழையும் உலர்திராட்சையும் கலந்த பாஸ்தாவுக்கு ‘மத்தி கடலிலேயே இருக்கும் பாஸ்தா’ என்று பெயர். நேப்பிள்ஸில் மட்டி இல்லாமல் பூண்டும் தழையும் எண்ணெயும் மட்டும் சேர்த்த பாஸ்தா ‘வோங்கொலே ஃபுயூதே’; மட்டிகள் ஓடிப்போய்விட்டன. வடக்கே குருவிக்கு மாற்றாக வேறு இறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்துச் சமைத்தால் ‘ஒசேய் ஸ்காம்பாய்’, தப்பியோடிய பறவைகள். தெற்கே பாலாடைக்கட்டிக்கு வழியற்றோர் வறுத்த ரொட்டித்தூளைத் தூவி உண்டனர். ஏழையின் பாலாடைக்கட்டி என்று அதற்கே பெயர் நின்றது.

ஓர் உணவுக்கு அதில் உள்ளதைக் கொண்டு பெயரிடுவது எங்கும் உண்டு. இல்லாததைக் கொண்டு பெயரிடுவதற்குப் பசியும் வேண்டும், அப்பசியைப் பார்த்துச் சிரிக்கும் நெஞ்சுரமும் வேண்டும். பொக்காச்சோவின் கதைகளுள் ஒன்றில் அரைத்த பார்மா பாலாடைக்கட்டியாலான மலை ஒன்று வருகிறது. அதன்மேல் நின்று சிலர் ஓயாமல் பாஸ்தா செய்து, கோழிச்சாற்றில் வேகவைத்துக் கீழே உருட்டிவிடுவர். வயிறு நிறைந்தவன் இப்படிக் கனவு காண்பதில்லை. இன்று உயர்தர விடுதிகளின் உணவுப் பட்டியலில் அக்வாகோத்தா ‘ஏழைகளின் எளிய சமையல்’ என்ற அழகிய விளக்கத்தோடு வருகிறது. விலையில் மட்டும் எளிமை இராது.

பொலெந்தாவின் கதை இதனினும் கொடிது. பண்டைய ரோமர் காலத்தில் அச்சொல் வேறு தானியத்துக்கு வழங்கியது. அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வந்தபின் பழைய பெயர் புதிய மாவுக்கு ஏறியது. வட இத்தாலியில் நிலவுடைமையாளர் கோதுமையை விற்றனர். உழவர் பொலெந்தாவை உண்டனர். காலையும் மாலையும் அதுவே. தோல் வெடித்தது, குடல் சீர்கெட்டது, இறுதியில் சித்தம் கலங்கியது. ‘பெல்லாக்ரா’ என்னும் நோய்ப்பெயரை 1771இல் மிலான் மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ஃபிரபோல்லி எழுத்தில் பதித்தார். கரடுமுரடான தோல் என்னும் பொருளில் நாட்டுப்புறத்து மக்கள் வழங்கிய சொல் அது. மக்காச்சோளத்தைக் கண்டெடுத்த அமெரிக்கத் தொல்குடியினர் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே உண்டனர். அப்போதுதான் அதிலுள்ள நியாசின் என்னும் சத்து உடலில் சேரும். பண்டம் கடல் கடந்து வந்தது, பக்குவம் வரவில்லை. 1880களின் தொடக்கத்தில் இத்தாலியில் இந்நோயாளர் தொகை ஒரு லட்சத்தைக் கடந்திருந்தது. அப்பகுதிகளில் இன்றும் ஒரு கதை சொல்வர்: உப்பிட்ட மீன் ஒன்றை உத்தரத்திலிருந்து மேசைக்கு மேலே தொங்கவிட்டு, வீட்டார் எல்லோரும் பொலெந்தாத் துண்டை அதில் தேய்த்துத் தேய்த்து உண்பார்களாம். தென்னாட்டார் வடவரைப் ‘பொலெந்தோனி’ என்று இன்றும் ஏசுகின்றனர். வசைச்சொல்லில் உள்ள உண்மை யுனெஸ்கோவின் வாழ்த்துரையில் இல்லை.

1876 முதல் 1915 வரை ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சம் பேர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். புறப்பட்டபோது அவர்கள் வெனெத்தோக்காரர், கலாப்ரியாக்காரர், சிசிலிக்காரர். நியூயார்க்கிலும் புவெனஸ் அயர்ஸிலும் இறங்கியபின்தான் பிறர் அவர்களை இத்தாலியர் என்றனர். ‘இத்தாலிய உணவு’ என்ற தொடர் உலகெங்கும் பரவியதில் இப்புலம்பெயர்ந்தோர்க்குப் பெரும்பங்கு உண்டு. நம் நகரங்களில் ‘பெப்பரோனி’ பீட்சா கேட்கும் இளைஞர் இத்தாலியில் அதே சொல்லைச் சொன்னால் குடைமிளகாய் வரும். மசாலாத் தொத்திறைச்சிக்கு அப்பெயர் அமெரிக்காவில் வைத்தது. அதற்காக அவ்வமெரிக்கப் பெயரைப் போலியென்று நாம் சொல்ல மாட்டோம். அதுவும் ஒரு வட்டார வழக்குத்தான். வட்டாரம் கடலுக்கு அப்பால் இருக்கிறது.

ஆனால் அசல் காவலர்க்கு இது பொறுக்காது. பொலோஞ்ஞாவில் 1972இல் ‘தல்யதெல்லே’ என்னும் நாடாப் பாஸ்தாவின் அகலத்தைப் பொன்னால் வார்த்து வணிகக் கழகத்தில் பதிவு செய்தனர்: வெந்தபின் 8 மில்லிமீட்டர், நகரிலுள்ள அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு. 1982இல் இறைச்சிக் குழம்பான ‘ராகூ’வின் செய்முறையைப் பதிவு செய்தனர், 2023இல் அதைத் தாமே திருத்திக்கொண்டனர். திருத்தப்படுவது எப்படி மாறா மரபாகும் என்று நாம் கேட்கலாகாது போலும். ராகூ என்பதே பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. இதெல்லாம் வேடிக்கை என்று விட்டுவிடலாம், ஆட்கள் வெளியே தள்ளப்படாதவரை. 2009இல் தொஸ்கானாவின் லூக்கா நகராட்சி, பழைய நகர்ப்பகுதிக்குள் புதிய அயலின உணவகங்கள் கூடாதென விதி செய்தது. கபாப் கடைகளே இலக்கு என்று எல்லோரும் அறிவர். 2019இல் பொலோஞ்ஞாவின் காவல் புனிதரின் திருவிழாவில், பன்றியிறைச்சி உண்ணாதோரும் கலந்துகொள்ளட்டும் என்று கோழியிறைச்சி அடைத்த ‘தொர்தெல்லீனி’யையும் சேர்த்துப் பரிமாற முன்வந்தனர். பழையதை யாரும் விலக்கவில்லை. ஒரு தட்டு கூடுதலாக வைத்தனர், அவ்வளவே. உடனே மத்தேயோ சல்வீனி போன்ற அரசியலார் நம் வரலாற்றையே அழிக்கிறார்கள் என்று கூவினர். அப்பாஸ்தாவின் உள்ளீடு காலந்தோறும் வீடுதோறும் மாறியே வந்தது என்று உணவு வரலாற்றறிஞர் மாஸ்ஸிமோ மொந்தனாரி எடுத்துச் சொன்னார். கேட்டவர் யார்?

அயலாரை விலக்கும் இவர்களின் நாவில் புரளும் சொற்களைப் பாருங்கள். ஸுக்கெரோ, லிமோனே, கர்சோஃபோ, ஸஃப்ஃபெரானோ: சர்க்கரையும் எலுமிச்சையும் ஆர்த்திச்சோக்கும் குங்குமப்பூவும் அரபு வழியாகப் பெயர் பெற்றன. மெலன்த்ஸானாவும் அரபிலிருந்து திரிந்ததே; கேட்ட செவி அதைப் ‘பித்துப் பழம்’ என்று பொருள்கொண்டது. பாஸ்தாவையே எடுத்துக்கொள்வோம். பலெர்மோவுக்கு அருகிலுள்ள த்ராபியாவில் ‘இத்ரிய்யா’ என்னும் உலர்ந்த மாவிழை பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பலேறியதை 1154இல் எழுதிவைத்தவர் அரபு நிலவியலாளர் அல் இத்ரீசி. அராஞ்சீனாவின் ஆரஞ்சோ அரபு, பாரசீகம், வடமொழி வழியாக நம்மூர் நாரத்தையின் உறவுக்குள் வந்து நிற்கிறது. அதற்குத் திராவிட மூலம் உண்டென்று சொற்பிறப்பாய்வாளர் பலர் கருதுகின்றனர். (இதைக் கேட்டதும் ‘ரீஸோ’ என்பது அரிசியே என்று மேசையைத் தட்ட வேண்டா. அவ்வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.) ரோமின் ‘காச்சோ எ பேபே’யில் உள்ள பேபே, திப்பிலியின் வடமொழிப் பெயர் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ஏறி மிளகுக்கு நின்றது, முசிறித் துறையிலிருந்து போன சரக்கோடு சேர்ந்த சொல். அமெரிக்காவிலிருந்து புதிய காரக்காய் வந்தபோது இத்தாலியர் பேபே என்பதிலிருந்தே ‘பெபெரோனே’, ‘பெபெரொன்சீனோ’ என்றனர். நாம் மிளகிலிருந்து மிளகாய் என்றோம். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் இரு மக்களும் ஒரே வழியில் சிந்தித்திருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தாரையும் நாம் விடுவதற்கில்லை. பார்மா பல்கலைக்கழகப் பொருளியல் வரலாற்றுப் பேராசிரியர் அல்பெர்த்தோ கிராந்தி 2018இல் ஒரு நூல் எழுதினார். 2023இல் ஒரு லண்டன் நாளேட்டுக்கு அளித்த நேர்காணலால் உலகப்புகழ் பெற்றார். இத்தாலிய உணவு மரபு என்பதே அண்மைக் காலப் புனைவு என்பது அவர் கட்சி. சான்றுகள் பல வலியவை. ‘கார்போனாரா’ இரண்டாம் உலகப் போருக்கு முன் எழுத்தில் இல்லை. 1952இல் சிகாகோ உணவகங்களைப் பற்றிய ஒரு கையேட்டில் அதன் செய்முறை வந்துவிட்டது. இத்தாலிய இதழொன்றில் 1954இல் வந்த செய்முறையிலோ பூண்டும் சுவிட்சர்லாந்துப் பாலாடைக்கட்டியும் உண்டு. இன்று அவற்றைச் சேர்ப்பவரை இணையத்தில் தூக்கிலிடுகிறார்கள். ‘சபாத்தா’ ரொட்டி 1982இல் உருவானது. ‘திராமிசூ’ நம் தலைமுறையின் வயதுதான். இவை யாவும் மெய். ஆனால் இவற்றிலிருந்து எல்லாமே புனைவு என்று தாவுவது, ஓலையில் ஏறாத பாட்டு பாடப்படவே இல்லை என்பதற்கு ஒப்பாகும். அச்சேறிய உணவுக்குத்தான் பிறந்தநாள் உண்டு. வெந்த நீருக்கும் பொய்க் குழம்புக்கும் யார் பதிவேடு வைத்தார்? நாட்டின் பெயரால் நிற்பது புதியது. ஊரின் பெயரால் நிற்பதில் மிகப் பழையனவும் உள. பீட்சா என்ற சொல் கயேத்தா நகரின் இலத்தீன் ஆவணமொன்றில் கி.பி. 997இலேயே வருகிறது, தக்காளிக்கு ஐந்நூறு ஆண்டுகள் முந்தி. கிராந்தியும் அவரை ஏசுவோரும் ஒருமையில்தான் பேசுகிறார்கள். ஒருவர் உண்டென்கிறார், மற்றவர் இல்லையென்கிறார்.

சொற்களைக் காவலில் வைக்கும் முயற்சியும் அங்கே புதிதன்று. 1930இன் இறுதியில் பாஸ்தாவையே ஒழிக்க அறிக்கை விட்ட மரினெத்தி, மதுக்கூடத்துக்கு ‘இங்கே குடிக்கப்படும்’ என்று பொருள்படும் சொல்லைப் படைத்தார், நிலைக்கவில்லை. 2023இல் அயற்சொல் புழங்கும் அலுவலகங்களுக்கு ஒரு லட்சம் யூரோ வரை தண்டம் விதிக்க ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் மசோதா கொண்டுவந்தார். தனித்தமிழ் அன்பர்கள் சினவற்க. நாமும் வகுப்பறையில் ‘பஸ்’ என்று எழுதும் மாணவரைத் திருத்துகிறவர்தாம். ஆயினும் நேப்பிள்ஸ் அடுப்படி பிரெஞ்சு ‘மொஸ்யூ’வைத் தன் சமையற்காரர்க்குரிய ‘மொன்ஸூ’வாக மென்று விழுங்கியதைப் பார்க்கும்போது, சொல்லைக் காப்பதில் சட்டத்தைவிட வயிறு வல்லது என்றே தோன்றுகிறது.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணமும் உண்டு. அண்மையில் நேப்பிள்ஸ் வறுமையைப் பேசும் கதை ஒன்றைத் தமிழாக்கத்தில் படித்தோம். ஆங்கில வழி வந்த மொழிபெயர்ப்பு. பாஸ்தா யாவும் ‘சேமியா’. சாறு யாவும் ‘சூப்’. பொலெந்தாவைக் ‘களி’ என்றிருந்தது. அதை நாம் குறைகூறவில்லை, மிக நன்று. சேமியாவையும் பொறுத்துக்கொண்டோம். வேலையிழந்த தந்தை வீடு திரும்பும் இரவில் தாய் பரிமாறுவது ஓடிப்போன மட்டிப் பாஸ்தா. மேசையில் மட்டி இல்லை என்பதுதான் அந்தக் காட்சி. தமிழில் அது ‘மட்டி போட்ட சேமியா’ என்று வந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் புண்ணியத்தில் அவ்வீட்டுக் குழந்தைகளுக்கு அன்றிரவு மட்டி கிடைத்துவிட்டது. அடுத்த பத்தியில் அவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று தமிழ் வாசகர்க்கு விளங்காது. பதிப்பகத்துக்கு எழுதியிருக்கிறோம். அடுத்த பதிப்பிலாவது அந்த மட்டிகளைத் திரும்ப ஓடவிடுவார்கள் என்று காத்திருக்கிறோம்.